3000 ரேண்டில் மேஜைக்கு எதை வாங்குவது?

ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற குழு. ஆளுக்கு 600 போட்டால் 3000 ரேண்ட் சேரும். பகடை உருட்டிக் கதை நடத்தும் மேஜை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்துச் சில மாதம் ஆன எந்தக் குழுவும் இந்த இடத்தில் வந்து நிற்கும். பகடை இருக்கிறது, ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது, ஆட்டமும் பிடித்துவிட்டது. அடுத்து என்ன வாங்குவது? ஒருவருக்கு உலோகப் பகடை மேல் கண். இன்னொருவருக்கு மினியேச்சர், அதாவது மேஜையில் நிறுத்தும் குட்டிப் பொம்மை. ஆட்டத்தை நடத்துகிற டிஎம்முக்கு இன்னொரு புத்தகம். யாராவது ஒருவர், "எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்குக் காசு?" என்பார்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு இன்னும் இறுகும். புதிய (2024) பதிப்பின் மூன்று மூலப் புத்தகங்களும் (ஆட்டக்காரர் கையேடு, டிஎம் கையேடு, அரக்கர் புத்தகம்) அமெரிக்காவில் தலா 50 டாலர். டாலருக்கு 18 ரேண்ட் என்று வைத்தாலே ஒரு புத்தகம் 900 ஆகிறது. அதற்கு மேல் 15 சதவீத வாட், கூரியர் செலவு. மூன்றையும் வாங்கினால் பணம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் எதை விடுவது என்பதும் சேர்ந்தே வருகிற கேள்வி.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆட்டம் நடத்துகிறவன். எதை வாங்கச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது: இது மேஜையில் யாருடைய காத்திருப்பைக் குறைக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஆட்டக்காரர்கள், ஒரு டிஎம். சண்டையில் ஒவ்வொருவர் முறையும் 4 நிமிடம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். தன் முறையை முடித்தவர் அடுத்த முறை வரும்வரை 16 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதற்குள் போன் கைக்கு வந்துவிடும். போனுக்குள் போனவரிடம் நடந்ததை மறுபடி சொல்ல இன்னும் ஒரு நிமிடம். அதே முறையை 2 நிமிடத்தில் முடிக்க வைத்தால் காத்திருப்பு 8 நிமிடம்தான். இந்த வித்தியாசத்தைத் தருகிற பொருளுக்குத்தான் பொதுப் பணம். மற்றதை அவரவர் ஆசைக்கு அவரவர் காசில் வாங்கட்டும்.

இப்படிப் பார்த்தால் முதலிடம் மந்திர அட்டைகளுக்கு. விசார்ட், கிளெரிக், டிரூயிட் என்று மந்திரம் போடும் வகுப்பை எடுத்தவர் யாராவது குழுவில் இருந்தால் ஆட்டம் நிற்பது பெரும்பாலும் அவர்கள் முறையில்தான். "அண்ணே, ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்" என்று புத்தகத்தைப் புரட்டுவார்கள். அதே புத்தகத்துக்கு இன்னொருவர் கை நீட்டிக்கொண்டிருப்பார். 384 பக்க ஆட்டக்காரர் கையேட்டில் மந்திரங்களுக்கு மட்டுமே நூறு பக்கம் போல இருக்கிறது. ஆனால் ஐந்தாம் நிலை விசார்டின் கையில் ஒரு நேரத்தில் இருப்பது பத்துப் பதினைந்து மந்திரம்தான். அந்தப் பதினைந்தையும் அட்டையில் வைத்துவிட்டால் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

அச்சடித்த அட்டைக் கட்டு வாங்குவதா, கையால் எழுதுவதா? அச்சுக் கட்டு பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் வகுப்புக்கு ஒரு கட்டு என்று பிரித்து விற்பதால் மூன்று மந்திரவாதிகள் இருக்கிற குழுவுக்கு மூன்று கட்டு. அதில் முக்கால்வாசி அட்டை அந்த நிலைக்கு வராத மந்திரம். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெற்று அட்டைக் கட்டு ஒன்றே குழு முழுவதற்கும் போதும். கையால் எழுதுவதில் இன்னொரு லாபம், எழுதுகிறவருக்கு மந்திரம் பாதி மனப்பாடமாகிவிடும். முழு வாசகத்தையும் எழுதக் கூடாது. எங்கள் ஃபயர்பால் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: ஆக்‌ஷன், 150 அடி தூரம், 20 அடி ஆரம், டெக்ஸ் சேவ் (விலகித் தப்ப உருட்டுவது), 8 டி6 சேதம் (ஆறு முகப் பகடை எட்டு), தப்பினால் பாதி. கான்சன்ட்ரேஷன், அதாவது நீடிக்க விடாமல் கவனம் வைத்திருப்பது, தேவைப்படும் மந்திரங்களுக்கு மூலையில் சிவப்புப் பட்டை அடித்திருக்கிறோம். ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான் நடப்பில் இருக்கலாம் என்பது விதி. சிவப்பு மூலை அட்டை ஒன்று மேஜையில் நிமிர்ந்து கிடந்தால் இரண்டாவதை வைக்க முடியாது. "ஏற்கெனவே ஒண்ணு ஓடுதா?" என்ற சண்டை அதோடு போயிற்று.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பன் ஈரத்தில் அட்டை வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். சீட்டு விளையாட்டுக்காரர்கள் போடும் பிளாஸ்டிக் உறையில் செருகி வைத்தால் பிழைக்கும். இந்த உறைக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

பழைய அட்டைக் கட்டு யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 2014 பதிப்பில் கியூர் வூண்ட்ஸ் 1 டி8 குணப்படுத்தும். 2024 பதிப்பில் 2 டி8. ஹீலிங் வேர்ட் 1 டி4-லிருந்து 2 டி4 ஆகிவிட்டது. பழைய அட்டையும் புதிய புத்தகமும் ஒரே மேஜையில் இருந்தால், காத்திருப்பைக் குறைக்க வாங்கிய பொருளே வாக்குவாதத்தைக் கொண்டுவரும். புத்தகமும் அட்டையும் ஒரே பதிப்பாக இருந்தால் சரி. அது எந்தப் பதிப்பு என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. கையில் 2014 புத்தகம் இருக்கிறவர்கள் புதியது வந்துவிட்டதே என்று ஓட வேண்டாம்.

அடுத்தது வரைபடம். வாயாலேயே சொல்லி ஆடுவது ஒரு வழி, செலவே இல்லை. இரண்டு எதிரி, ஒரு அறை என்றால் நானும் அப்படித்தான் ஆடுகிறேன். ஏழு காப்ளின், ஒரு பாலம், கீழே ஆறு என்று வந்தால் "நான் எங்க நிக்கிறேன்? அவன் எவ்வளவு தூரம்?" என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். அப்போது கட்டம் போட்ட பரப்பு தேவை. ஒரு கட்டம் ஓர் அங்குலம். ஆட்டக் கணக்கில் அது 5 அடி.

இறக்குமதியாகி வரும் வினைல் விரிப்பு சுருட்டி வைக்க வசதி, வருடக்கணக்கில் உழைக்கும். அதற்கென்று இருக்கும், ஈரத்துணியால் துடைக்கிற மார்க்கரைத்தான் பயன்படுத்த வேண்டும். வெள்ளைப் பலகை மார்க்கரால் கிறுக்கினால் கறை தங்கிவிடும். யாராவது ஒருவர் கட்டாயம் கிறுக்குவார். அதனால் நான் சொல்வது வேறு வழி. கட்டிட வரைபடம் அச்சடிக்கும் கடையில் ஏ1 அளவில் அங்குலக் கட்டத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஏ1 என்றால் 594-க்கு 841 மில்லிமீட்டர்; 23-க்கு 33 கட்டம் வரும். எங்கள் சண்டை எதுவும் அதைத் தாண்டிப் போனதில்லை. வண்ணப் போஸ்டர் விலை கேட்டுப் பயப்பட வேண்டாம், கோட்டு வரைபடத்துக்கு ஆகும் செலவு அதைவிட ரொம்பக் குறைவு. லேமினேட் மேல் வெள்ளைப் பலகை மார்க்கர் போடலாம், துடைக்கலாம். மடிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிடுவோம்.

இணையத்தில் வாங்கும் வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் தாளுக்குத் தயாரானவை. நம்முடைய ஏ4 தாள் அதைவிட அகலத்தில் கொஞ்சம் குறைவு, உயரத்தில் கொஞ்சம் அதிகம். பக்கத்துக்குப் பொருத்து என்று விட்டால் பிரின்டர் படத்தைச் சுருக்கிவிடும். கட்டம் அங்குலத்துக்குக் கீழே போய்விடும். 100 சதவீதம் என்று வைத்து அச்சடியுங்கள், ஓரம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை.

மந்திரம் எவ்வளவு பரப்பைத் தொடும் என்று காட்டும் பிளாஸ்டிக் அளவுகோல்களைத் தனியாக விற்கிறார்கள். இதற்குக் காசு வேண்டாம். சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி, 8 அங்குல விட்டத்தில் வளையமாக வளைத்தால் ஃபயர்பால் தயார். 20 அடி ஆரம் என்றால் நாலு கட்டம். வளையத்தை மேஜையில் வைத்ததும் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் அளவுகோல் பொம்மைகளை இடித்துத் தள்ளும். கம்பி வளையம் அவற்றுக்கு நடுவில் போய்ப் படியும்.

மினியேச்சர் பற்றி நான் கொஞ்சம் கறார். ரீப்பர், விஸ்கிட்ஸ் நிறுவனங்களின் பொம்மைகள் அழகுதான். வண்ணம் தீட்டத் தெரிந்தவர் கையில் இன்னும் அழகு. ஆனால் அது தனிப் பொழுதுபோக்கு. ஆட்டத்துக்குத் தேவை, கட்டத்தில் நிற்கும் ஏதோ ஒன்று, யார் எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அவ்வளவே. ஹார்ட்வேர் கடையில் 25 மில்லிமீட்டர் வாஷர் ஒரு பை வாங்கி, மேலே படம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினால் ஐம்பது அரக்கர்கள் ஒரு டப்பாவுக்குள் அடங்குவார்கள். கனமாக இருப்பதால் காற்றாடிக் காற்றில் பறக்காது. ஓகர் மாதிரிப் பெரிய ஜந்து இரண்டுக்கு இரண்டு கட்டம் பிடிக்கும், அதற்கு ஜாடி மூடி. தன் கதாநாயகனுக்கு மட்டும் நல்ல பொம்மை வேண்டும் என்கிறவர் சொந்தக் காசில் வாங்கட்டும். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டிலேயே ரெசின் பிரின்டரில் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: உலராத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்கு அது சரிவராது. டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில் பக்கம் ஆடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஜன்னல் திறந்திருந்தால் குரங்குக்குச் சமூசாவும் பொம்மையும் ஒன்றுதான்.

பகடையில் யோசிக்க அதிகம் இல்லை. ஆளுக்கு ஏழு பகடைகள் கொண்ட அக்ரிலிக் செட் ஒன்று. கடன் கேட்டு மேஜை முழுக்கச் சுற்றுகிற ஒற்றை டி20 ஆட்டத்தைக் கெடுக்கும். எட்டு டி6 உருட்ட வேண்டியவருக்கு வீட்டில் இருக்கிற லூடோ, மொனோபொலிப் பெட்டிகளைத் துழாவினால் கிடைத்துவிடும். உலோகப் பகடை வாங்கினால் தட்டும் சேர்த்து வாங்குங்கள். அத்தையின் மேஜையில் விழுந்த தழும்புக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

டிஎம் திரை. அச்சடித்த நாலு மடிப்புத் திரையில் பாதி படம், பாதி அட்டவணை. இரண்டு லீவர் ஆர்ச் ஃபைல் அட்டைகளை நிறுத்தி, உள்பக்கம் உங்களுக்கு வேண்டிய ஏ4 தாள்களை ஒட்டினால் அதைவிடப் பயன்படும். எளிது 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20 என்று ஒரு காரியம் கைகூட எட்ட வேண்டிய எண்கள், மயக்கம், குருட்டுத்தன்மை, கட்டுண்ட நிலை மாதிரியான நிலைகளின் விளைவுகள், ஆட்டக்காரர்களின் ஆர்மர் எண்கள் (அவர்களை அடிக்க எதிரி எட்ட வேண்டியவை). கடைசியாகச் சொன்னது எந்தக் கடைத் திரையிலும் இருக்காது. வெளிப்பக்கம் ஆட்டக்காரர்களைப் பார்த்தபடி யாருக்கு அடுத்து யார் என்று துணிக் கிளிப்பில் பெயர் மாட்டிவிடுங்கள். அடுத்தது தன் முறை என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர் அட்டையைக் கையில் எடுத்துத் தயாராக இருப்பார்.

இனி போன், லேப்டாப் விஷயம். டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிப் பாத்திரத் தாள் (கதாபாத்திரத்தின் விவரமும் எண்களும் உள்ள தாள்) தயாரிக்கலாம். கூட்டல் கழித்தல் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாகச் சேர்பவர் முதல் பாத்திரத்தை உருவாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. புத்தகத்தை அங்கே வாங்குவதுதான் யோசிக்க வேண்டியது. வாங்கினால் கணக்குக்குள்தான் இருக்கும், பிடிஎஃப் கைக்கு வராது. முன்பு ஒரு புத்தகத்திலிருந்து தேவையான ஒரு பகுதியை மட்டும் சில்லறைக்கு வாங்க முடிந்தது. 2024 மே மாதம் அதை நிறுத்தினார்கள். கூரியரும் காத்திருப்பும் மிச்சம் என்பது அதன் பக்கம் இருக்கிற நியாயம். அச்சுப் புத்தகத்தை மேஜையைச் சுற்றிக் கைமாற்றலாம், பிடிக்காவிட்டால் விற்கலாம். என் ஓட்டு அச்சுக்கு.

கரன்ட் கதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) தலைவிரித்து ஆடியபோது இரண்டு மணி நேரம் இருட்டில் ஆடிப் பழகினோம். 2024 மார்ச் கடைசியில் நின்று, பத்து மாதம் கழித்து 2025 ஜனவரி 31-ல் மறுபடி தலைகாட்டி, அந்த மே வரை விட்டுவிட்டு வந்து போனது. இப்போது பரவாயில்லை என்றாலும் கேபிள் பழுது, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று தெருவுக்குத் தெரு ஏதாவது வரும். அதனால் போனில் தயாரித்த பாத்திரத் தாளையும் அச்சடித்து வைத்துக்கொள்கிறோம். சார்ஜ் ஆகும் விளக்கு ஒன்றும் மேஜையில் நிரந்தரம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டன்ஜனுக்குள் போவது படத்துக்கு நன்றாக இருக்கும், மந்திர அட்டையைப் படிக்க ஆகாது.

ஒருவர் வேலை மாறி ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட் போய்விட்டார் என்றால் கதை வேறு. அப்போது ஆன்லைன் மேஜை தேவைப்படும். ரோல்20 இலவசமாகவே ஆரம்பிக்கலாம், பிரவுசர் போதும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஃபவுண்ட்ரியை ஒரே தடவை 50 டாலர் கொடுத்து வாங்கினால் போதும், நடத்துகிறவர் ஒருவர் வாங்கினாலே மற்றவர்கள் இலவசமாகச் சேரலாம். வசதிகள் ஏராளம், அமைக்கப் பொறுமையும் வேண்டும். ஐந்தில் நாலு பேர் ஒரே மேஜையில் இருக்கும்போது ஒருவருக்காக எல்லோரும் திரையைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மேஜைக்கு மேலே ஒரு போனை ஸ்டாண்டில் நிறுத்தி வரைபடத்தை வீடியோ அழைப்பில் காட்டினால் அவருக்குப் போதுமாக இருக்கிறது. எல்லோரும் ஆளுக்கொரு ஊரில் என்றால்தான் ஃபவுண்ட்ரிக்குப் போவேன்.

புத்தகங்களுக்கு வருவோம். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. ஏனென்றால் துணைப் புத்தகங்கள் எல்லாமே வாங்கும்போது ஒரே மாதிரி ஆசையைக் கிளப்பும், மேஜையில் ஒரே மாதிரி உழைக்காது.

முதலில், மூலப் புத்தகம் மூன்றும் வேண்டுமா? ஆட்டக்காரர் கையேடு ஒன்று வேண்டும். அதுகூட இல்லாமல் ஆரம்பிக்கலாம்: 2023 ஜனவரியில் பழைய பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பையும், 2025-ல் புதியதன் தொகுப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். இறக்கி அச்சடித்துக்கொள்ளத் தடையில்லை. அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உட்பிரிவுதான் இருக்கும், காசு கொடுத்து வாங்கும் 2024 கையேட்டில் நாலு. அரக்கர்களும் இலவசத் தொகுப்பில் தாராளமாக இருக்கிறார்கள். முதல் வருடத்துக்கு அரக்கர் புத்தகத்தைத் தள்ளிப்போடலாம். இதே வகையான இன்னொரு ஆட்டம், பாத்ஃபைண்டர், ஆடலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அதன் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நேதிஸ் தளத்தில் வெளியீட்டாளரின் சம்மதத்தோடு இலவசமாகவே இருக்கின்றன. விதிகள் கொஞ்சம் கனம். கணக்கு பிடிக்கிற குழுவுக்கு அது நல்ல தேர்வு.

புதிய வகுப்பு, புதிய மந்திரம் தரும் புத்தகங்களை எங்கள் மேஜையில் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில், இருக்கிறதை ஆடி முடியுங்கள் என்பதே. ஒருவருக்கு ஓர் உட்பிரிவு கிடைக்கும், மற்ற நாலு பேரும் அது என்ன செய்யும் என்று விளக்கம் கேட்டுக் காத்திருப்பார்கள்.

உலக வர்ணனைப் புத்தகம், ராஜ்யங்கள், தெய்வங்கள், வரலாறு என்று இருப்பது, படுக்கையில் படிக்க அருமை. மேஜையில் அதை யாரும் திறப்பதில்லை. நமக்கு உலகத்துக்குப் பஞ்சமா? டர்பனில் அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் கட்டிய கோவில் 1905 வெள்ளத்தில் போனது. அதன் கதவுகளை மீட்டு, பிறகு பெல்லேர் சாலையில் எழுப்பிய இரண்டாம் ஆற்றுக் கோவிலில் பொருத்தினார்கள். வெள்ளத்தில் தப்பிய கதவு, அது முன்பு திறந்த கோவில் இப்போது இல்லை. இதற்கு மேல் ஒரு டிஎம்முக்கு என்ன வேண்டும்? பெயரை மாற்றி, கோவிலைக் கற்பனை நகரத்தில் வைத்து, இரண்டு மாதம் ஓட்டினேன்.

தயார்க் கதைகள் உள்ள சாகசப் புத்தகம்தான் டிஎம்மின் வாரத்தைக் காப்பாற்றும். அதிலும் பெரிய ஒற்றைக் கதையா, குட்டிக் கதைகளின் தொகுப்பா என்று ஒரு தேர்வு இருக்கிறது. முதலாம் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை போகும் 250 பக்கக் கதைக்கு, அதே ஐந்து பேர் ஒரு வருடத்துக்கும் மேல் தவறாமல் வர வேண்டும். இங்கே ஒரு வாரம் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொரு வாரம் காவடி விரதம், அப்புறம் பிள்ளைக்கு மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வு. ஆள் மாறிக்கொண்டே இருக்கிற குழுவுக்குத் தொகுப்பு மேல். 2021-ல் வந்த கேண்டில்கீப் மிஸ்டரீஸில் 17 கதைகள். 2022-ல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடலில் 13. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அதில் ஒரு கதை வங்காளத்து ஆற்றுச் சமவெளியை மாதிரியாகக் கொண்ட கற்பனை நாட்டில் நடக்கிறது. கோட்டை, பனி, பைன் காடு என்று மறுபடி மறுபடி போய் அலுத்தவர்களுக்கு ஆறும் ஈரமும் உள்ள இடம் ஆறுதல். ஒரு கதையை ஒன்றிரண்டு அமர்வில் முடிக்கலாம், அடுத்த தடவை வேறு ஆள் வந்தாலும் உட்கார வைக்கலாம். 2014 விதிகளுக்கு எழுதியவை என்றாலும் புதிய விதிகளோடும் பெரிய சிக்கலில்லாமல் ஓடும். அரக்கர்களின் எண்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக 3000 ரேண்ட் என் கையில் வந்தால், ஏற்கெனவே இல்லாவிட்டால் ஆட்டக்காரர் கையேடு ஒன்று, தொகுப்புப் புத்தகம் ஒன்று, மிச்சத்தில் அட்டை, உறை, ஏ1 அச்சு, மார்க்கர், வாஷர். புத்தகங்களை ஒரே ஆர்டரில் போட்டால் கூரியர் ஒருமுறைதான்.

பழைய புத்தகமோ, புதியவர்களுக்கென்று எல்லாம் சேர்த்து விற்கும் ஆரம்பப் பெட்டியில் பழையதோ வாங்கினால் இன்னும் மிச்சமாகும். டர்பன் ஈரத்தில் அலமாரியில் கிடந்த புத்தகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முதுகுப் பசை விட்டிருக்கிறதா, பக்கம் அலை அலையாக எழும்பியிருக்கிறதா என்று நடுவில் விரித்துப் பாருங்கள். பெட்டி என்றால் பகடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கும் கிடைக்கும். சாகசக் கையேடும் மடித்து வைத்த வரைபடமும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.